தர்மத்துக்கு உயில் எழுத ஒரு வக்கீல் ஆபீஸ்: எட்டாயிரம் ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

பாளையங்கோட்டையில் உயில் எழுதித் தரும் ஒரு வக்கீல் அம்மாவின் ஆபீசைப் பற்றி எழுதுகிறேன். பெயரும் தெருவும் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. என்னால் அவருக்கு வம்பு வேண்டாம். இந்த வேலைக்கு நீங்கள் எந்த ஊரில் யாரிடம் போனாலும், கொடுக்கிற காசுக்கு என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு வீடு, தபால் ஆபீசிலும் பாங்கிலும் டெபாசிட், கொஞ்சம் நகை. அண்ணன் பையன்கள் இரண்டு பேர், இருவரும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். நகையும் ஒரு தொகையும் அவர்களுக்கு, மீதி எல்லாம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். என் தங்கைக்கு வைத்தியம் பார்த்த இடம் அது.

முதலில் போனது ஒரு பத்திர எழுத்தரிடம். ஆயிரத்து ஐந்நூறுக்கு முடித்துத் தருகிறேன் என்றவர், "ஆனா டீச்சர், நீங்க கிறிஸ்தவங்க. தர்மத்துக்கு எழுதினா அதுக்கப்புறம் ஒரு வருஷம் உயிரோட இருக்கணும். இல்லன்னா செல்லாது" என்று ஒரு குண்டைப் போட்டார். வக்கீல் அம்மா இதைக் கேட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சட்டம் இருந்தது உண்மைதானாம். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு. அண்ணன் தம்பி பிள்ளைகள் அளவுக்கு நெருங்கிய உறவு இருக்கும் கிறிஸ்தவர், மதக் காரியத்துக்கோ தர்மத்துக்கோ எழுதினால், சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதிய ஆறு மாதத்துக்குள் அதைச் சட்டப்படியான இடத்தில் ஒப்படைத்திருக்கவும் வேண்டும். கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் 2003-இல் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் பத்திர ஆபீஸ் வாசலில் அது உயிரோடு இருக்கிறது! எட்டாயிரத்தில் பாதி இந்த ஒரு பதிலுக்கே சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மீதிப் பாதி அவர் கேட்ட கேள்விகளுக்கு. நான் வெள்ளைத்தாளில் "அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு" என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். "எந்த ஆஸ்பத்திரி டீச்சர்? மெட்ராஸ்ல கேன்சர்னு போர்டு வச்ச ஆஸ்பத்திரி எத்தனை இருக்கு?" என்றார். நான் சொன்னது முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-இல் ஆரம்பித்த இடம். அதன் பெயரோடு டபிள்யூ.ஐ.ஏ. என்று இந்திய மாதர் சங்கத்தின் சுருக்கமும் சேர்ந்து வரும். பான் கார்டில் உள்ள முழுப் பெயர், பதிவு விவரம், விலாசம் மூன்றையும் கேட்டு வாங்கி உயிலில் ஏற்றினார்கள். அந்த நிறுவனம் பிற்காலத்தில் பெயர் மாறினாலோ வேறொன்றோடு சேர்ந்தாலோ, அதே வேலையைச் செய்யும் நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்றும் ஒரு வரி.

அடுத்தது தொகை. இருபது லட்சம் என்று எண்ணாக எழுதச் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. நாளைக்கு எனக்கே பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் இருப்பு குறைந்துவிடும்; விலைவாசி ஏறினால் இருபது லட்சத்துக்கு மதிப்பே இராது. பையன்களுக்கு உள்ளதைக் குறிப்பிட்டு எழுதிவிட்டு, "மிச்சமுள்ள சொத்து முழுவதும்" என்று தர்மத்துக்கு எழுதுவதுதான் சரி என்றார். கணக்கு டீச்சருக்கே கணக்கா என்று தோன்றினாலும் அவர் சொன்னதுதான் நியாயம். வீட்டையும் வீடாகக் கொடுக்க வேண்டாம், விற்றுப் பணமாகக் கொடுக்கலாம் என்றார். வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டைச் சென்னையில் இருக்கும் ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

விற்கும் அதிகாரம் எக்சிகியூட்டருக்கு, அதாவது நான் போன பிறகு உயிலில் உள்ளதை நிறைவேற்றுபவருக்கு. யாரைப் போடுவது என்பதில்தான் ரொம்ப நேரம் போனது. பெரிய பையனைச் சொன்னேன். தனக்கு வராத சொத்தை விற்று இன்னொருவருக்குக் கொடுக்கும் வேலையை அவன் தலையில் கட்டாதீர்கள் என்றார். 1794-இல் இறந்த பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கு எழுதி வைத்த சொத்து, நிறைவேற்ற வேண்டியவர்கள் கையில் முடங்கி, கோர்ட்டு வரை போய், அதிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் திறக்க 1842 ஆனது. இதை நான் சொல்ல, அவர் "அதேதான்" என்றார். கடைசியில் என்னோடு வேலை பார்த்த, என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு டீச்சரும், அவரால் முடியாவிட்டால் அவர் மகளும்.

சாட்சி இரண்டு பேர். நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு அவர்கள் போட வேண்டும். பையன்களோ மருமகள்களோ போடவே கூடாது. எங்கள் சட்டப்படி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ எழுதியது செல்லாமல் போய்விடும். நாமினி விஷயமும் அப்போதுதான் விளங்கியது. பாங்கில் பையன் பெயர் இருந்தால் பணம் அவனுக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நாமினி என்பவர் வாங்கி வைத்துக்கொள்பவர், சொத்துக்காரர் அல்ல என்று எல்.ஐ.சி. பாலிசி வழக்கு ஒன்றில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வரி மிச்சமாகும் என்று நினைப்பவர்களுக்கு: உயிலில் எழுதுவதால் உங்களுக்கு 80ஜி என்று சொல்லும் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது. வாரிசு வரியும் 1985-லேயே போய்விட்டது. சலுகை வேண்டுமானால் இப்போதே கொடுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. ஆனாலும் பதிவு செய்தேன். நான் உயிரோடு இருக்கும்வரை பதிவான உயிலின் நகலை என்னையோ நான் அதிகாரம் கொடுத்தவரையோ தவிர யாரும் வாங்க முடியாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. சின்னவன் மட்டும் "என்ன அத்தை, எங்களை நம்பலையா?" என்று கேட்டான். "உன்னை நம்பித்தான் நகையைக் குடுத்திருக்கேன், பேசாம இரு" என்றேன்.

குறைகளும் உண்டு. முதல் வரைவு முழுக்க "மேற்படி", "ஷை" என்று ஒரே காடு. என் சொத்தை நானே படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. மாற்றிக் கேட்டதும் முகம் சுளிக்காமல் நல்ல தமிழில் தந்தார்கள், ஆனால் டைப் அடித்ததில் என் கதவு எண்ணே தப்பு. சர்வே எண், கதவு எண், கணக்கு எண் எல்லாவற்றையும் நீங்களே விரல் வைத்துச் சரிபாருங்கள். எட்டாயிரத்துக்கு ரசீது தரவும் நாமே கேட்க வேண்டியிருக்கிறது. பதிவுக் கட்டணமும், புத்தி தெளிவாக இருக்கிறது என்று வாங்கும் டாக்டர் சர்டிபிகேட்டும் தனி.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது மாடிப்படிக்காக. உயில் எழுத வருகிறவர்கள் எல்லாம் என் வயசுக்காரர்கள், ஆபீசோ லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில். முன்கூட்டியே போன் செய்தால் ஜூனியர் வீட்டுக்கே வந்து விவரம் எழுதிக்கொள்கிறார், அதற்குத் தனிக் காசு இல்லை. இதை அவர்களாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.