தேயாத ஜிங்க்: போட் டிரைவுக்கு பவுடர் கோட்டிங் போட்டு மூன்று சீசன் ஓட்டிய அனுபவம்

முட்டுக்காட்டில் சின்ன போட் வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, லெக்கைக் கழட்டிட்டேன். பவுடர் கோட்டிங் குடுத்துடலாமா, இல்ல பெயின்ட்டே அடிச்சிடலாமா? நீங்கதான் மூணு வருஷமா பவுடர் போட்டு ஓட்டுறீங்களே." அவர் லெக் என்றது டிரைவைத்தான், தண்ணீருக்குள் இறங்கி புரொப்பெல்லரைச் சுழற்றும் அலுமினியப் பாகம். அவர் கேட்ட அன்றைக்குத்தான் என் டிரைவிலிருந்து கடைசித் துண்டு பவுடரைச் சுரண்டி முடித்திருந்தேன். விரல் நுனியெல்லாம் எரிச்சல். அந்த எரிச்சலோடு போனில் பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்று, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

முதலில் ஏன் பவுடருக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மும்பையில் போட் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் இந்தச் சங்கடம் புரியும். இங்கே ஜூனில் மழை பிடித்தால் போட்டைக் கரையேற்றியே ஆக வேண்டும், கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வா போகும் படகுகளே நின்றுவிடும். கையில் வேலை செய்ய நேரம் கிடைப்பது அந்த மூன்று மாதம்தான், ஆனால் அந்த மூன்று மாதமும் பெயின்ட் அடிக்க லாயக்கில்லாத மாதங்கள். காற்றில் அவ்வளவு ஈரம். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பியூ (பாலியூரிதேன்) பெயின்ட்டில் ஊற்றும் ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் பளபளப்பு போய்விடும், குமிழி விடும், அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். இரண்டு வருடம் ஜூலையில் அடித்து, நவம்பரில் உரிந்து, வெறுத்துப் போயிருந்தேன். பவுடருக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. பட்டறைக்குள் மின்சாரம் ஏற்றிய பொடியை அடித்து, 180, 200 டிகிரி ஓவனுக்குள் தள்ளி, வெந்ததும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

2022 ஜூலையில் கொட்டுகிற மழையில் டிரைவ் கேசிங்கை டெம்போவில் ஏற்றி சாக்கி நாக்கா பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பேரிங், சீல், ஓ-ரிங் எல்லாவற்றையும் கழற்றி வெறும் ஓடாகத்தான் கொடுக்க வேண்டும், அந்தச் சூட்டுக்கு ரப்பர் எதுவும் தாங்காது. (புது சீல் செட்டுக்கு நாக்தேவி ஸ்ட்ரீட்டில் அரை நாள் போனது தனி.) பழைய வார்ப்பாக இருந்ததால், கோட்டிங்குக்கு முன் ஒருமுறை வெறுமனே ஓவனில் வைத்து எடுக்கச் சொன்னேன். வார்ப்பின் நுண்ணிய துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெயும் காற்றும் வெந்துகொண்டிருக்கும் பவுடரைப் பொத்துக்கொண்டு வரும், மேற்பரப்பு முழுக்க ஊசித் துளையாகிவிடும். அதை அவர்கள் ஒழுங்காகவே செய்தார்கள். நான்காம் நாள் கையில் வாங்கியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், புது டிரைவ் கூட அப்படி இருந்திருக்காது. கருப்பு, கண்ணாடி மாதிரி. பட்டறைக்காரர் நகத்தால் கீறிக் காட்டி "பக்கா டிகேகா, சேட்" (கண்டிப்பாக நிற்கும், முதலாளி) என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கோட்டிங் நின்றது.

அதைவிட எனக்குப் பிடித்தது கொட்டலசு விஷயம், கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும் ஓட்டுக் கடல் உயிரி அது. மும்பை துறைமுகத் தண்ணீரில் ஒரு மாதம் போட் சும்மா கிடந்தால் போதும், லெக்கெல்லாம் கொட்டலசு. பழைய பெயின்ட்டில் அதைச் சுரண்டினால் அடித்தட்டு ஒட்டிய இடத்தில் பெயின்ட்டையும் வட்டமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். பவுடரின் மேல் பிளாஸ்டிக் கரண்டியை வைத்துத் தள்ளினால் கொட்டலசு மட்டும் பெயர்ந்து வந்தது, பூச்சுக்கு ஒரு கீறல் இல்லை. முதல் சீசன் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஜிங்க்குக்கு வருகிறேன், டிரைவின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட லெக்கில் முறுக்கி வைக்கும் துத்தநாகக் கட்டி.

2023 மே மாதம் கரையேற்றியபோது, வெண்டிலேஷன் பிளேட்டுக்கு (புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக நீட்டியிருக்கும் தகடு) அடியில் இருக்கும் ஜிங்க் கிட்டத்தட்ட போட்ட மாதிரியே இருந்தது. வார்ப்பில் வந்த எழுத்தை இன்னும் படிக்க முடிந்தது, ஓரங்கள் கூர் மழுங்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். பூச்சு நன்றாக இருந்தால் அலுமினியம் தண்ணீரைத் தொடாது, ஜிங்க்குக்கு வேலை குறையும், அதனால் தேயவில்லை என்று நினைத்தேன். அந்தக் கணக்கில் பாதி உண்மையும் இருக்கிறது, அதனால்தான் சந்தேகமே வரவில்லை. ஆனால் ஏழெட்டு மாதம் உப்புத் தண்ணீரில் கிடந்த ஜிங்க், பாதி சப்பிய கல்கண்டு மாதிரி குழி குழியாக இருக்க வேண்டும். அப்படியே இருக்கிறது என்றால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அடுத்த சீசன் முடிவில் பிளேட்டும் லெக்கும் சேரும் உள்மூலையில் ஒரு கொப்புளம். அம்மைக் கொப்புளம் அளவுதான். நகத்தை வைத்து அழுத்தினேன், அப்பளம் உடைகிற மாதிரி சத்தம். தூக்கினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தகடாக உரிந்து வந்தது. அடியில் ஈரமான வெள்ளை மாவு. அதைத் துடைத்தால் அலுமினியத்தில் பயறு போகிற அளவுக்குக் குழிகள்.

மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை ஜிங்க்கிலும் இன்னொன்றைக் குழிக்குள் தெரிந்த வெறும் உலோகத்திலும் வைத்தேன். தொடர்பு இருந்தால் 'பீப்' கேட்க வேண்டும், சத்தமே இல்லை. கழற்றிப் பார்த்தால், ஜிங்க் உட்காரும் இடம் முழுக்க அழகாக, ஒரே சீராக, கருப்புப் பவுடர். போல்ட் மரைக்குள்ளும் போயிருந்தது, அதன் மேல் நான் தடவிய பேஸ்ட் வேறு. அலுமினியத்தோடு உலோகம் உலோகமாகத் தொட்டால்தான் ஜிங்க் தன்னை அரிக்கக் கொடுத்து டிரைவைக் காப்பாற்றும். பவுடர் ஒரு பிளாஸ்டிக், மின்சாரத்தை விடாது. இரண்டு சீசன் என் டிரைவில் தொங்கியது வெறும் எடை.

இதில் மோசம் என்னவென்றால், பூச்சு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் குழி ஆழமாகும். என்னுடையது ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லர். மொத்த லெக்கும் வெறும் அலுமினியமாக இருந்தால் அரிப்பு எல்லா இடத்திலும் பரவி மெதுவாக நடக்கும். லெக் முழுக்க மூடி, ஒரே ஒரு ஓட்டை மட்டும் திறந்திருந்தால் அந்தப் புரொப்பெல்லர் இழுக்கும் மின்னோட்டம் முழுக்க அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஓட்டை எங்கே விழும் என்பதும் முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். பவுடர் உள்மூலைகளுக்குள் சரியாகப் போகாது, அங்கே மெல்லிசாகத்தான் படியும். லெக்கின் அடியில் துடுப்பு மாதிரி இருக்கும் ஸ்கெக்கின் கூர் விளிம்பில் வேகும்போது விலகிக்கொள்ளும். கொக்கியில் மாட்டித் தொங்கவிட்ட இடத்தில் சுத்தமாக இருக்காது. எனக்குக் கொப்புளம் வந்த மூன்று இடங்களும் இவைதான்.

பட்டறையைக் குற்றம் சொல்ல வேண்டுமா? அவர்கள் கேட், ஜன்னல், பைக் வீல் செய்கிறவர்கள், ஜிங்க் என்றால் என்ன என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எந்தெந்த இடத்தை மறைக்க வேண்டும் என்று சூடு தாங்கும் டேப் ஒட்டிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். கேஸ்கெட் உட்காரும் முகங்களை மறைத்தேன், பேரிங் துளைகளை மறைத்தேன், இதை விட்டுவிட்டேன். ஆனால் பூச்சை எடுத்துத் தரக் கேட்டபோது, காஸ்டிக் சோடா தொட்டியில் போடலாம், இல்லாவிட்டால் ஸ்டீல் ஷாட் அடிக்கலாம் என்றார்கள். அதற்குத்தான் கோபம் வந்தது. காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும். ஸ்டீல் துகள் மேற்பரப்பில் புதைந்து உட்கார்ந்து, புது பூச்சுக்கு அடியில் அரிக்க ஆரம்பிக்கும். கம்பி பிரஷ்ஷுக்கும் இதே கதைதான். மூன்றாவது சீசனை எப்படியோ ஒப்பேற்றி ஓட்டிவிட்டு, இந்த வருடம் நானே ரிமூவர் தடவி, பிளாஸ்டிக் கரண்டியால் நான்கு சுற்று சுரண்டினேன். ஒட்டியிருந்த இடங்களில் அது வரவே மறுத்தது, அவ்வளவு பிடிமானம்! மொத்த லெக்கில் பத்தில் ஒன்பது பங்கு மூன்று வருடம் கழித்தும் முதல் நாள் மாதிரி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியிருந்தும் தம்பிக்கு என் பதில், வேண்டாம். ஜிங்க் இடத்தை ஒழுங்காக மறைத்தால் பவுடர் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இருக்கலாம். ஆனால் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் போட்டிலேயே உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்து, எட்ச் பிரைமர் (வெறும் அலுமினியத்தில் பெயின்ட் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு), மேலே ஒரு கோட், சாயங்காலம் முடிந்தது. பெயின்ட் உரியும்போது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உரியும். பவுடர் மேலே சிரித்துக்கொண்டே அடியில் தண்ணீரை நடக்கவிடும், கையில் தகடாக வரும் வரை தெரியாது. வருடா வருடம் உரிகிற பெயின்ட்டே எனக்குப் போதும்.

இந்த முறை செப்டம்பர் கடைசிவரை காத்திருந்தேன். வெயில் அடித்த இரண்டு நாளில், நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, தேய்த்து, தேய்த்த சில மணி நேரத்துக்குள் எபாக்ஸி பிரைமர். தள்ளிப் போட்டால் அலுமினியம் மறுபடி ஆக்சைடு கட்டிக்கொள்ளும். பாசிக்கு எதிரான பெயின்ட் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் தம்பி, ஃபைபர் அடிப்பகுதிக்கு அடிக்கும் காப்பர் ஆக்சைடு சரக்கை லெக்கில் தொடவே கூடாது, அலுமினியத்துக்கென்று தனியாக வருவதை வாங்குங்கள். ஜிங்க் மேல் ஒரு சொட்டு பெயின்ட் படக்கூடாது. உங்கள் முட்டுக்காட்டில் மழைக்குக் கடல் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலப்பதால் ஜிங்க்குக்குப் பதில் அலுமினிய அனோடு (அதே வேலையைச் செய்யும் அலுமினியக் கட்டி) போடுங்கள், அந்தக் கலப்புத் தண்ணீரில் ஜிங்க் மேலே ஓடு கட்டி வேலையை நிறுத்திவிடும். உட்காரும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, முறுக்கிய பிறகு மீட்டர் வைத்து 'பீப்' கேட்ட பிறகுதான் போட்டைத் தண்ணீரில் இறக்க வேண்டும். வீட்டில் மீட்டர் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஒன்றைக் கொண்டு வருகிறேன்.