முதல் 10 கி.மீ. ஓட்டம்: கடிகாரமா, மூச்சா?

முதல் பந்தயத்தில் வேகத்தைக் கட்டுக்குள் வைக்க இரண்டு வழி: ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது, மூச்சைக் கவனித்து ஓடுவது.

கடிகாரம் அதிகம் கைகொடுப்பது முதல் 2 கிலோமீட்டரில்தான். கூட்டமும் பரபரப்பும் சேர்ந்து காலை இழுத்துக்கொண்டு போகும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று நினைத்து வந்தவர் 6-இல் பறந்துகொண்டிருப்பார். அதுவும் சுலபமாகவே தோன்றும். அந்த நேரத்தில் உடம்பை நம்ப முடியாது. ஆனால் உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் தடுமாறி, திரையில் வேகம் கன்னாபின்னாவென்று மாறும். கிலோமீட்டர் சராசரியை மட்டும் பாருங்கள்.

மேடு வந்தால் கதையே வேறு. அங்கேயும் 7 நிமிடத்தையே பிடித்துத் தொங்கினால் மேலே போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். வெயிலிலும் அப்படித்தான். இங்கெல்லாம் மூச்சைத்தான் கவனிக்க வேண்டும்: முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லையென்றால் குறையுங்கள். (பக்கத்தில் ஓடுபவரிடம் பேசிப் பார்க்கலாம், முறைத்தால் நான் பொறுப்பல்ல.)

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் மூச்சைத்தான் சொல்வேன். கடிகாரம் இருக்கிறதா, சரி, 2 கிலோமீட்டர் வரை அதன் பேச்சைக் கேளுங்கள். அப்புறம் 8 வரை மூச்சு. அதற்குப் பிறகு பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, மிச்சம் இருக்கும் தெம்பையெல்லாம் போட்டு ஓடலாம்.