மின் உந்து செயற்கைக்கோளை எந்தப் பாதையில் ஏற்றுவது?

2015 மார்ச்சில் ஏபிஎஸ்-3ஏ, யூட்டெல்சாட் 115 வெஸ்ட் பி என்ற இரண்டு போயிங் செயற்கைக்கோள்கள் ஒரே ஃபால்கன் 9 ராக்கெட்டில் கிளம்பின. இரண்டிலும் திரவ எரிபொருள் எஞ்சின் கிடையாது, செனான் வாயுவை மின்சாரத்தால் முடுக்கி வெளியே தள்ளும் அயனி உந்துபொறிகள் மட்டும்தான். ஒரு பொறியின் விசை 165 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் 17 கிராம் எடையை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவுதான். சேவைக்கு வர ஆறேழு மாதம் ஆனது. 2017 ஜூனில் ஏரியன் 5-இல் போன ஏர்பஸ்ஸின் யூட்டெல்சாட் 172பி நான்கே மாதத்தில் புவிநிலைப் பாதையை, அதாவது பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றும் பாதையை, எட்டிவிட்டது.

அதனால் 172பி-யின் பாதைதான் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. அதில் இருப்பவை ஹால் வகைப் பொறிகள், செனானையே மின்சாரத்தால் வேறு விதமாக முடுக்குபவை. ஏறக்குறைய அதே மின்சாரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் விசை தரும். ஆனால் அதே வேகத்தைக் கூட்ட செனான் சுமார் இரண்டு மடங்கு செலவாகும். சரி, பொறியை விட்டுவிட்டுப் பாதையை மட்டும் பார்ப்போம்.

172பி போனது வழக்கமான இடைமாற்றுப் பாதையில், அதாவது ராக்கெட் கோளை விட்டுவிடும் தற்காலிக நீள்வட்டத்தில். அதில் பூமிக்கு அருகே சில நூறு கி.மீ., தொலைவில் சுமார் 35,800 கி.மீ. உயரம். இந்த நீள்வட்டத்தின் சராசரி ஆரம் (பூமியின் மையத்திலிருந்து கணக்கிட்டால்) 24,400 கி.மீ.; வேண்டியதோ 42,164. ஆகவே ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், போகும் திசைக்கேற்ப உந்தும் திசையையும் திருப்ப வேண்டும். ஒரு சுற்று பத்தரை மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களில் உள்வளையத்தை இரண்டு முறை கடக்கிறோம். அங்குள்ள புரோட்டான்கள் சூரியத் தகடுகளை அரிக்கின்றன. தகடுதான் மின்சாரம், மின்சாரம்தான் விசை என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ஏபிஎஸ் ஜோடி இறங்கிய பாதையில் தொலைப்புள்ளி (பூமியிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இடம்) 60,000 கி.மீ. உயரத்துக்கும் மேல். சராசரி ஆரம் 38,500-ஐ ஒட்டியது, இலக்குக்குப் பக்கம். இங்கே ஓர் அழகான வழி இருக்கிறது. விண்மீன்களைப் பொறுத்து ஒரே திசையில் நிறுத்தி இடைவிடாமல் உந்தலாம். தொலைப்புள்ளியில் அந்த விசை ஓட்டத்தோடு சேர்ந்து அண்மைப்புள்ளியை (பூமிக்கு மிக அருகே வரும் இடத்தை) மேலே தூக்கும். அண்மைப்புள்ளியில் ஓட்டத்துக்கு எதிராக நின்று தொலைப்புள்ளியைக் கீழே இழுக்கும். மாறாத விசை ஒரு முழுச் சுற்றில் செய்யும் வேலை பூச்சியம். அதனால் சராசரி ஆரம் அப்படியே இருக்க, நீள்வட்டம் மட்டும் வட்டமாகிக்கொண்டே வரும். மிச்ச ஆற்றலுக்குத் திசையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். சுற்றுக்காலமும் சுமார் 21 மணி நேரம் என்பதால் தொடக்கத்தில் வளையத்தைக் கடப்பது பாதியாகக் குறைகிறது.

என் ஓட்டு இதற்குத்தான், ராக்கெட்டுக்குத் தெம்பு இருந்தால். அந்த ஜோடி இரண்டும் சேர்ந்தே சுமார் 4.2 டன் என்பதால் அது முடிந்தது. கனமான செயற்கைக்கோளுக்கு வழக்கமான பாதைதான் கதி.

தொலைப்புள்ளி அருகில் மட்டும் உந்தி, மற்ற நேரம் சும்மா மிதப்பது இன்னொரு வழி. செனான் மிச்சமாகும், மாதங்கள் கூடும். செனான் கையிருப்பு இறுக்கமாக இருந்தாலொழிய நான் இதைத் தொடமாட்டேன்.

உயரமான பாதைக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் புவிநிலை உயரத்தை இரண்டு முறை தாண்டுகிறது. பூமத்திய ரேகைத் தளத்திலிருந்து பாதையின் சாய்வு அதிகமாக இருக்கும்வரை பெரும்பாலும் அங்குள்ள மற்ற செயற்கைக்கோள்களுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். சாய்வு கரைந்துவிட்ட கடைசி வாரங்களில்தான் ஒவ்வொரு கடப்பையும் முன்கூட்டியே கணக்கிட்டு, தேவைப்பட்டால் உந்தலைச் சில மணி நேரம் நிறுத்த வேண்டியிருக்கும்.