நாயுடன் தடையோட்டம்: பரிசுக்கான பயிற்சியா, கூடி மகிழும் பயிற்சியா?

காட்பாடி, சத்துவாச்சாரிப் பகுதிகளில் நாய் வளர்ப்போர் சிலர், தடையோட்டத்தைப் பரிசுக்காகப் பழக்குவதா, நாயின் மகிழ்ச்சிக்காகப் பழக்குவதா என்று தயங்குகிறார்கள். 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அறிமுகமான இவ்விளையாட்டில், வார் இல்லாமல் தடைகளைக் கடந்து ஓடும் நாயைக் குரலாலும் சைகையாலும் மட்டுமே நடத்த வேண்டும்.

செலவு
பரிசுக்கு: அளவு பிசகாத தடைகள், பயிற்சியாளர், வெளியூர்ப் பயணம்.
மகிழ்ச்சிக்கு: தட்டினால் விழும்படி செங்கற்கள்மேல் வைத்த மூங்கில் கழியே போதும்.

உடல்நலம்
பரிசுக்கு: ஒவ்வொரு நொடியையும் மிச்சப்படுத்த விரைந்து ஓடுவதால் மூட்டுகளுக்குச் சுமை கூடும்.
மகிழ்ச்சிக்கு: உயரத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம்.
எவ்வழியாயினும், எலும்பு வளர்ச்சி முடியாத குட்டியை உயரம் தாண்ட விடக் கூடாது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிப்பதால், 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில் விடியற்காலையைத் தவிர வேறு நேரம் உகந்ததன்று.

உறவு
பரிசுக்கு: கழி விழுந்தால் பொதுவாக 5 புள்ளித் தண்டனை, வளர்ப்பவர் முகம் சுளித்தால் நாய் அதை உடனே உணர்ந்து, வாலைத் தாழ்த்தித் தரையை முகரத் தொடங்கும். உண்மையில் பிழை பெரும்பாலும் தாமதமாகச் சைகை காட்டிய நம்முடையதே.
மகிழ்ச்சிக்கு: கழியை எடுத்து வைத்துவிட்டு மீண்டும் ஓடலாம். என் மதிப்பீட்டில் மற்ற அளவுகோல்கள் அனைத்தையும்விட இதுவே பெரிது.

முதிய நாய்க்கும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் அச்சம் நீங்காத நாய்க்கும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் இரண்டாம் வழியே பொருந்தும். தடையைக் கண்டதும் தானே துள்ளும் நாயும் போதிய நேரமும் உடையவர்கள் போட்டிக்குச் செல்லலாம். ஆயினும் ஓராண்டேனும் மகிழ்ந்து ஓடிய பிறகு செல்லட்டும்.