‘இன்ரபியரன்ஸ்’ என்றவுடன் காசை எடுத்துக் குடுக்காதேங்கோ: வயர் இல்லாத கமரா, அலாரம் பூட்டின வீடுகளுக்கு

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் ஒரு வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில், தாயும் தகப்பனும் மட்டும் இங்கே. நாலு வைஃபை கமரா, ஒரு ரெக்கோடர், கதவுகளுக்கு ஆறு சென்சர், ஒரு சைரன் பெட்டி. பூட்டி மூன்றாம் மாதம், பொழுது பட்டதும் பின்வளவுக் கமரா இரண்டும் படம் இல்லாமல் போகத் தொடங்கின. பூட்டினவர்களைக் கூப்பிட, வந்தவர் ஃபோனை ஒருக்கால் உயர்த்திப் பார்த்துவிட்டு “பக்கத்து வீட்டு வைஃபை இன்ரபியரன்ஸ்” (ஒரு அலை இன்னொன்றைக் குழப்புவது) என்று சொல்லி ஒரு சிக்னல் பூஸ்டர் விற்றார். சரிவரவில்லை. இரண்டாவது பூஸ்டர் வந்தது. அதுக்கும் சரிவரவில்லை என்றதும் “கள்ளர் ஜாமர் பாவிக்கினம்” (அலையை அடைக்கிற கருவி) என்று பயங்காட்டி, ஜாமரைத் தடுக்கும் என்று ஒரு கறுப்புப் பெட்டியைச் சுவரில் செருகிவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு நீல லைட்டும் அதுக்குக் கரண்ட் குடுக்கும் சின்னப் பலகையும். பில் என்று ஒன்றும் இல்லை, துண்டுக் கடதாசியில் மொத்தத் தொகை மட்டும்.

அந்த வீட்டுக் கோளாறில் பெரிய பங்கு இன்ரபியரன்ஸே இல்லை. இரவில் மட்டும் கமரா விழுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கரண்டை. இருட்டினதும் கமராவின் இன்பிரா ரெட் லைட்டுகள் எரியும், அது இழுக்கும் கரண்ட் பகலைவிட ஏறத்தாழ இருமடங்காகும். அங்கே இரண்டு கமராவுக்கும் சேர்த்து ஒரே 12 வோல்ற் 1 அம்பியர் அடப்ரர், அதிலிருந்து இருபது மீற்றர் மெல்லிய வயர். கமரா முனையில் மீற்றர் வைத்துப் பார்த்தால் பகலில் 11.2 வோல்ற், இரவில் 9.4. அவ்வளவுக்கு இறங்கினால் கமரா நிண்டு திரும்ப ஓன் ஆகும், பிறகும் விழும். இதைப் பிடிக்க இரவு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பட்டப்பகலில் ஏணி வைத்து ஏறி, கமராவின் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடுங்கோ. லைட் எரிந்த கையோடு படம் போனால் அது கரண்ட் கோளாறு, எத்தனை பூஸ்டர் பூட்டினாலும் தீராது. ஒவ்வொரு கமராவுக்கும் தனித்தனி 2 அம்பியர் அடப்ரரைக் கமராவுக்குக் கிட்டப் பூட்டினால் போதும்.

உண்மையான இன்ரபியரன்ஸும் அங்கே இருந்தது, ஆனால் அதை உண்டாக்கினது பூட்டின ஆக்கள்தான். கமராக்களின் படத்தைப் பதியும் ரெக்கோடர் தானே ஒரு வைஃபை விடும். அதை ரவுட்டருக்கு மேலேயே தூக்கி வைத்திருந்தார்கள், இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸில், ஒரே சனலில் (அலைவரிசைக்குள் பிரித்த பாதை). இந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல் மூன்றுதான்: 1, 6, 11. ரவுட்டரை 1இலும் ரெக்கோடரை 11இலும் நிறுத்தி, சனல் அகலத்தை 40 இல்லாமல் 20 மெகாஹேர்ட்ஸாக்கி, இரண்டுக்கும் இடையில் ஆகக் குறைந்தது இரண்டு மீற்றர் விடவேண்டும். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எந்தச் சனலில் நிற்கின்றன என்று காட்டும் இலவச ஆப்கள் ஃபோனுக்கு இருக்கின்றன. 11இல் நெரிசல் என்றால் 6ஐப் பாருங்கோ. 3, 4, 8 என்று இடையில் வைத்தால் இரண்டு பக்கத்தோடும் முட்டும்.

ரவுட்டரின் சனலை ‘ஓட்டோ’வில் விடாதேங்கோ. கரண்ட் போய் வரும்போது அது புதுச் சனல் ஒன்றைத் தேடிப் போய், ரெக்கோடர் நிற்கிற சனலிலேயே வந்து விழலாம். “ஒரு கிழமை நல்லாயிருந்தது, பிறகு திரும்பக் குழம்பிற்று” என்ற முறைப்பாடுகளில் இதையும் பாருங்கோ.

பூஸ்டர் ஏன் நிலைமையை மோசமாக்கியது? மலிவான பூஸ்டர் கேட்பதும் சொல்வதும் ஒரே ரேடியோவால், ஒரே சனலில். ஒவ்வொரு தரவையும் இரண்டு தரம் காற்றில் விடுவதால் வேகம் பாதியாகும். நாலு கமரா ஆளுக்கு வினாடிக்கு 4 மெகாபிற் என்றால் மொத்தம் 16. ஒரு பூஸ்டரே இறுக்கம், இரண்டைத் தொடுத்தால் மூச்சு முட்டும். அதைவிடக் கமராவில் படத்தைச் சுருக்கும் முறையாக ஹெச்.265ஐத் தெரிவுசெய்து, வினாடிக்கு 25 பிரேமை 15 ஆக்கினால் சுமை பாதிக்குக் கிட்டக் குறையும். செலவில்லை.

சிக்னல் போதுமா என்பதை முற்றத்தில் நின்று சொல்ல ஏலாது. கமரா இருக்கிற உயரத்தில் ஃபோனைப் பிடித்து அளவைப் பாருங்கோ. மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) அல்லது பூச்சியத்துக்கு அதைவிடக் கிட்ட என்றால் சரி, மைனஸ் 75க்குப் போனால் அந்த இடத்துக்கு வைஃபை கமரா சரிவராது. பழைய நாற்சார் வீடுகளின் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர், கொங்கிறீற் தட்டு, இரும்புக் கிறில் எல்லாம் சிக்னலைத் தின்னும். இதை விலை பேச முன்னமே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சைரன் பெட்டியின் கதை வேறு. மலிவான கதவுச் சென்சர்கள் பல 433 மெகாஹேர்ட்ஸில் ஒருவழியாய் மட்டும் பேசும். கதவு திறந்த செய்தி பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சென்சருக்குத் தெரியாது. அந்த வீட்டில் ‘பாதுகாப்புக்கு’ என்று பெட்டியை இரும்பு அலுமாரிக்குள் வைத்து, அன்ரெனாவையும் உள்ளேயே சுருட்டி விட்டிருந்தார்கள். இந்த அலைக்கு அன்ரெனா 17 சென்ரிமீற்றர் அளவில் நேராக, இரும்புக்கு வெளியே நிற்கவேண்டும். சுருட்டினால் தூரம் சுருங்கும். அதோடு கிறில் கதவில் சென்சரின் மற்றப் பாதியான காந்தத்தை நேரே ஒட்டினால் இரும்பு காந்தத்தின் பலத்தை இழுத்துவிடும், சும்மா சும்மா அலாரம் அடிக்கும். நடுவில் ஒரு சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக் அல்லது பலகைத் துண்டு வையுங்கோ. 12 வோல்ற் குட்டிப் பற்றரி போடும் சென்சர் என்றால், பற்றரி 10 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினதும் மாற்றுங்கோ.

வீட்டுக்குள்ளேயே ஏதோ இரைச்சல் விடுகிறது என்று நினைத்தால், மெயின் சுவிட்சை நிற்பாட்டிப் பெட்டியை அதன் பற்றரியில் ஓட விட்டு, ஒவ்வொரு கதவையும் பத்துத் தரம் திறந்து மூடி, பெட்டி எத்தனை தரம் பிடிக்கிறது என்று எண்ணுங்கோ. பத்துக்குப் பத்து வந்தால், சேர்க்கிட்டுகளை ஒவ்வொன்றாய்ப் போட்டுத் திரும்ப எண்ணுங்கோ. எதைப் போட எண்ணிக்கை குறைகிறதோ, அதில் இருக்கும் எல்ஈடி லைட் அல்லது மலிவுச் சார்ஜர்தான் ஆள். மெயின் நிற்பாட்டியும் குறைந்தால் அலை வெளியிலிருந்து வரலாம்: அயலில் பொத்தான் இறுகின கேட் ரிமோட் ஒன்றே காணும்.

ஜாமர் பயத்துக்கும் ஒரு சோதனை இருக்கு. 2.4 கிகாஹேர்ட்ஸை யாரும் முழுதாய் அடைத்தால் அந்த அலைவரிசையில் நிற்கும் ஃபோன், ரீவி எல்லாம் சேர்ந்தே விழும். இரண்டு கமரா மட்டும், ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு விழுந்தால் அது கள்ளன் இல்லை. வைஃபை கமராக்களை மட்டும் இணைப்பிலிருந்து உதறிவிடும் தந்திரம் ஒன்று இருப்பது உண்மை. அதுக்கு மருந்து வைஃபையின் புதிய பூட்டு முறையான டபிள்யூபிஏ3 பாதுகாப்பும், கமராவுக்குள் போடும் மெமறிக் காட்டும், இன்னும் நல்லதென்றால் வயரும்தான். சுவரில் செருகும் பெட்டி எதுவும் மருந்தாகாது.

வயருக்கு மாறினாலும் கண் திறந்திருங்கோ. செப்பு என்று சொல்லிச் செப்பு முலாம் பூசின அலுமினியக் கேபிளைப் போடுவார்கள். நுனியைப் பிளேட்டால் சுரண்டுங்கோ, உள்ளே வெள்ளையாய் இருந்தால் திருப்பிக் குடுங்கோ. நெற்வேர்க் கேபிளின் ஒரு ஓட்டம் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது.

பில்லில் ஒவ்வொரு சாமானின் மொடல் நம்பரும், உத்தரவாதக் காலமும், ‘முழுச் செப்பு’ என்ற சொல்லும் இருக்கவேண்டும். ஒரு பகுதிக் காசைப் பிடித்து வைத்து, இரண்டு இரவு எல்லாக் கமராவும் இடைவிடாமல் பதிந்த பிறகு குடுங்கோ. ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், ஆனால் சாமான் வாங்கின நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் குடுத்துவிடுங்கோ. “அடுத்த கிழமை வாறம்” என்று பூட்டினவர்கள் நாளைக் கடத்துவது அந்தக் கணக்குத் தெரிந்துதான்.