எழுத்து அழிந்த ஐசியையும் வாசித்துச் சொல்லும் கடை

மாமா 80களில் லண்டனிலிருந்து கொண்டுவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் எங்கள் அலுமாரிக்குள் கனகாலம் கிடந்தது. திருகோணமலைக் கடற்காற்றில் ஐசி எனும் சிப்புகளின் கால்கள் கறுத்து, மேலே இருந்த எழுத்தும் பாதி மங்கிவிட்டது. முதலில் காட்டிய இடத்தில் மூடியைத் திறந்த கையோடு "இதுக்குச் சாமான் இல்லை, எறியுங்கோ" என்று சொல்லிவிட்டார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்புறம்தான் டொக்யார்ட் வீதிப் பக்கம் இருக்கும் இந்தச் சின்ன ரேடியோ திருத்தும் கடைக்குப் போனேன். அண்ணை போர்டைத் துடைக்கவே இல்லை. ஸ்பிரிட் போட்டால் மையில் அடித்த எழுத்து மிச்சமும் போய்விடுமாம். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸால் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

8324 என்ற நம்பரை நான் இரண்டு நாள் கூகிளில் தேடிக் களைத்திருந்தேன். அது சிப்பின் பெயரே இல்லை, 1983ஆம் ஆண்டு 24ஆம் கிழமை செய்தது என்று அர்த்தம். பெரிய ஐசியில் டி780சி என்று இருந்தது, இந்தக் கம்ப்யூட்டரின் மூளையான இசட்80 சிப் எங்கே என்று கேட்டேன். "தம்பி, இதுதான் அது, என்இசி கம்பனி தன்ர நம்பரைப் போட்டிருக்கு" என்றார். மெமரி ஐசிகளும் அப்படித்தான்: மோஸ்டெக்கில் எம்கே4116, என்இசியில் டி416, ஹிட்டாச்சியில் எச்எம்4716, மூன்றும் ஒரே வேலை செய்பவை, ஒன்று பழுதானால் மற்றதைப் போடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்துச் செய்ததுதான். இந்த 4116க்கு 5 வோல்ட் மட்டும் போதாது, 12உம் மைனஸ் 5உம் வேண்டும், மைனஸ் 5 வராவிட்டால் புதிதாகப் போடுவதும் செத்துப்போகும் என்று சொல்லி, முதலாவது காலில் மீற்றரை வைத்துக் காட்டினார். ஒன்றுமே வரவில்லை. பவர் பகுதியில் இருந்த ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர்தான் போயிருந்தது, அதை மாற்றியபிறகுதான் மெமரியில் கை வைத்தார்.

குறை என்றால், பழைய ஐசி கடையில் இருப்பில் இல்லை, வெளியிலிருந்து எடுப்பிக்க ஐந்து கிழமை போனது. ஆனால் திரையில் சின்க்ளேர் என்ற எழுத்து வந்தபோது மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினேன், அவர் கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை.

காலையில் போங்கள், பின்னேரம் ஃபோன் திருத்த வருபவர்களின் கூட்டம். போர்டை நீங்களாகத் துடைக்காமல் கொண்டுபோங்கள்.