மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஒரு மெடிக்கல் கோடிங் பயிற்சி மையம்: படித்தவரின் மதிப்பீடு

விலங்கியலில் பட்டம் பெற்று, சிறிது காலம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த பிறகு, மார்த்தாண்டம் வட்டாரத்தில் இயங்கும் ஒரு பயிற்சி மையத்தின் வார இறுதி வகுப்பில் மெடிக்கல் கோடிங் படித்தேன். இப்போது திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு நிறுவனத்தில் கோடராகப் பணியாற்றுகிறேன். குறைகளையும் எழுதப் போவதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். கோடிங் பாடத்துக்கு இந்த மையத்தை நம்பலாம் என்பதும், பில்லிங் (காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கோரும் வேலை) பாடத்துக்கும் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் வாக்குறுதிக்கும் நம்பக் கூடாது என்பதும் என் முடிவு.

இந்தத் தொழிலைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவர் எழுதும் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் குறியீட்டையும், சிகிச்சைக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் சிபிடி குறியீட்டையும், மருந்துக்கும் உபகரணத்துக்கும் எச்சிபிசிஎஸ் குறியீட்டையும் இட்டுக் கொடுத்தால்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் கிளெய்ம், அதாவது பணம் கேட்கும் கோரிக்கை, போக முடியும். நோய்க் குறியீடுகள் மட்டுமே 70,000-க்கும் மேல் இருப்பதால் யாரும் அவற்றை மனப்பாடம் செய்வதில்லை. புத்தகத்தில் எங்கே, எந்த விதியின்படி தேடுவது என்பதுதான் படிப்பு.

அந்த இடத்தில்தான் இம்மையம் தேறுகிறது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் செவிலியராக இருந்து கோடிங்குக்கு வந்தவர். கேரளத்தின் பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வரும் மாணவர்களும் இருப்பதால் தமிழும் மலையாளமும் கலந்தே வகுப்பு நடக்கும், எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். காயங்களைப் பற்றிய அத்தியாயத்தை அவர் தென்னை மரத்திலிருந்து தொடங்கினார். மரம் ஏறியவர் விழுந்து வலது மணிக்கட்டருகே காலிஸ் முறிவோடு, தோல் கிழியாமல், மருத்துவமனைக்கு வந்தால் முறிவுக்கு எஸ்52.531ஏ, மரத்திலிருந்து விழுந்ததற்கு டபிள்யூ14. ஆனால் டபிள்யூ14 மூன்று எழுத்தோடு நின்றுவிடுகிறது. ஏழாவது இடத்தில் ஏ வர வேண்டும் என்பதால் இடையில் மூன்று எக்ஸ் இட்டு நிரப்ப வேண்டும். அந்த ஏழாவது எழுத்தில்தான் பெரும்பாலானோர் தடுமாறினோம். ஏ என்றால் முதல் வருகை என்று பலரும் எழுதிக்கொண்டிருக்க, சிகிச்சை முனைப்பாக நடக்கும் வரை எத்தனை மருத்துவர் பார்த்தாலும் ஏ-தான் என்றும், எலும்பு ஒழுங்காகக் கூடிவரும்போது மாவுக்கட்டைப் பார்க்க வருவது டி (D) என்றும், கோணலாகக் கூடிவிட்டால் பி (P) என்றும் அவர் ஒரே நோயாளியை வைத்து மாதக் கணக்கில் நகர்த்திக் காட்டினார். அமெரிக்காவில் தென்னை ஏறி விழுபவர் எத்தனை பேரோ, குமரி மாவட்டத்து வகுப்பில் இந்த உதாரணம் மறப்பதில்லை.

சந்தேக நோய்களைப் பற்றிய விதியையும் அவர் இதே பொறுமையோடு நடத்தினார். புறநோயாளியின் குறிப்பில் ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதியிருந்தால் நிமோனியாவுக்குக் குறியீடு இடக் கூடாது, இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மட்டுமே இட வேண்டும். உள்நோயாளி வீடு திரும்பும்போதும் அதே வாசகம் எழுதப்பட்டிருந்தால், நோய் இருப்பதாகவே கொண்டு குறியீடு இட வேண்டும். விதியைச் சொல்லிவிட்டு நகராமல், தவறாக இட்டால் இல்லாத நோய் ஒருவருடைய பதிவேட்டில் ஏறிவிடும் என்பதையும் விளக்கினார். இன்று வேலையில் என் குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட் வரும்போது, பெரும்பாலான நிறுவனங்கள் எதிர்பார்க்கும் 95 சதவீதத் துல்லியத்தை எட்டுவதற்கு எனக்கு உதவுவது இந்த வகுப்புகளே.

இனிக் குறைகள். மையம் அச்சிட்டுத் தரும் குறிப்பேட்டில் மருத்துவரைச் சந்திக்கும் வருகைகளுக்கான அத்தியாயம் பழையது. 1995, 1997 ஆம் ஆண்டு விதிகளின்படி நோயாளியின் நோய் வரலாற்றையும் பரிசோதனையையும் எண்ணிக் கூட்டும் முறையையே அது விரிவாகச் சொல்கிறது. அலுவலக வருகைகளுக்கு 2021 ஜனவரி முதலும், மருத்துவமனை வருகைகளுக்கு 2023 முதலும் அந்த முறை போய்விட்டது. மருத்துவ முடிவின் சிக்கலையோ செலவிட்ட நேரத்தையோ வைத்துத்தான் வருகைக்கான குறியீட்டு நிலையைத் தீர்மானிக்கிறோம், அதிலும் அவசரப் பிரிவில் நேரம் கணக்கில் வராது. டீச்சர் வகுப்பில் புதிய விதியை நடத்தியதால் நாங்கள் தப்பினோம். கட்டணம் வாங்கிக்கொண்டு காலாவதியான பாடத்தை அச்சடித்துத் தருவது அலட்சியமன்றி வேறில்லை.

பில்லிங் பகுதிக்கு ஒதுக்கிய நேரம் பெயரளவுக்குத்தான். கிளெய்ம் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தை நிரப்பக் காட்டினார்கள். டினையல், அதாவது காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்பு, வந்தால் காரணத்தைப் படித்து மேல்முறையீடு செய்வது எப்படி என்பது தொடப்படவே இல்லை. வராத பணத்தைக் கேட்டுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் தொலைபேசியில் பேசும் ஏஆர் காலர் வேலைக்குப் போக நினைப்பவர்கள் இங்கே சேர்ந்து பயனில்லை. அந்த வேலை அமெரிக்க நேரத்தில், அதாவது நைட் ஷிப்டில் நடப்பது என்பதையும் சேர்க்கையின்போது யாரும் சொல்வதில்லை.

கோடர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்காவின் ஏஏபிசி அமைப்பு நடத்தும் சிபிசி என்ற சான்றிதழ்த் தேர்வுக்கான தயாரிப்பு நன்று. 4 மணி நேரத்தில் 100 கேள்விகள், 70 சதவீதம் தேர்ச்சி, புத்தகம் திறந்து வைத்தே எழுதலாம். அதனால் புத்தகத்தைப் புரட்டும் வேகமே பாதி மதிப்பெண். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் டேப் ஒட்டவும், விதிகளைக் கையால் ஓரத்தில் குறிக்கவும் டீச்சர் கட்டாயப்படுத்தினார். தனித்தாள் செருகுவதைத் தேர்வில் அனுமதிப்பதில்லை என்பதையும் முன்பே எச்சரித்தார். தேர்வுக் கட்டணமும் புத்தகங்களின் விலையும் மையத்தின் கட்டணத்தில் சேராது, இரண்டும் சிறு தொகை அல்ல. வீட்டில் கணக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

‘நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று பலகையில் எழுதியிருப்பது நடைமுறையில் சில நிறுவனங்களின் நேர்காணல் தேதியை வாட்ஸப்பில் அனுப்புவதோடு முடிகிறது. தேர்ச்சி பெற்றாலும் அனுபவமற்றவருக்குச் சான்றிதழில் பயிற்சிநிலை என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டே வரும். அதை நீக்க இரண்டு ஆண்டு வேலை அனுபவமோ, ஓராண்டு அனுபவத்தோடு கோடிங் படிப்பை முடித்த சான்றோ வேண்டும். இதையும் சேர்க்கை மேசையில் சொல்வதில்லை. எனக்கு வேலை கிடைத்தது என்னோடு படித்த ஓர் அக்கா தன் அலுவலகத்தில் என் பெயரைப் பரிந்துரைத்ததால்தான்.

வார நாள் வகுப்புகளுக்கு இதே டீச்சர் வருவதில்லை. முன்பு படித்து முடித்த ஒருவரையே நிறுத்திக் குறிப்பேட்டை வாசிக்க வைக்கிறார்கள் என்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் சொன்னார்கள். சேர்வதாக இருந்தால் யார் பாடம் எடுப்பார் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வார இறுதி வகுப்பில் இடம் வரும் வரை காத்திருங்கள்.